வேலைக்குச் சென்னை வந்தாச்சு, எங்கே ஓடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன், ஜூலை வந்தால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கும். பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் தடகள அணியிலிருந்து யாராவது ஒரு தங்கச்சியோ தம்பியோ வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்திருப்பார்கள். ஹாஸ்டலில் கட்டில் பிடித்து, முதல் வாரம் முடிந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும். எட்டு வருடமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் இருப்பது பெருங்குடி. அதனால் தென்சென்னைக் கதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, சென்னையில எங்க ஓடுறது? காலேஜ் மாதிரி கிரவுண்டே கண்ணுல படலியே?

கல்லூரியில் கண்ணைத் திறந்தால் மைதானம். நாம் எதையும் தேடிப் போனதில்லை. இங்கே வந்ததும் எல்லோரும் முதலில் சொல்வது மெரினா. நானும் அப்படித்தான் விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து மெரினா போனேன். ஒன்பதாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன். அறையிலிருந்து கால்மணி நேரத்துக்குள் நடந்து போகிற இடமாகப் பாருங்கள். அது சுமாரான இடமாக இருந்தாலும் பரவாயில்லை. கடற்கரையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருவான்மியூர், அடையாறு பக்கம் அறை கிடைத்தால் உங்களுக்கு யோகம். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் விடிகாலையில் ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களுமாக நிறைந்திருக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்றால் மெரினாவே உங்கள் வாசல். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், போய்த் திரும்பினால் ஆறரை. அண்ணா நகரில் டவர் பூங்காவும் அதைச் சுற்றிய அகலமான, மரம் நிறைந்த தெருக்களும் இருக்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை ஆட்களுக்குச் சிட்லப்பாக்கம் ஏரிக்கரை, ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை.

பழைய மகாபலிபுரம் சாலையை நம்பி இருப்பவர்கள் என் சாதி. மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் தூசி தின்றுகொண்டு ஓடாதீர்கள். உள்தெருக்களில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சுற்று கண்டுபிடியுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பால் வண்டிக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், கோலம் போடுகிற அம்மா என்று இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் உங்கள் முகம் பழகிவிடும். அந்தப் பழக்கம் எதற்கு உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

பூங்காவுல ஓடினா தாத்தாங்க திட்றாங்க. ஓடக்கூடாதா?

மாநகராட்சிப் பூங்காக்கள் நடப்பவர்களுக்கானவை. பாதை ஒடுக்கம். நாகேஸ்வரராவ் பூங்கா, நடேசன் பூங்கா மாதிரி இடங்களில் எதிர்த் திசையில் வேகமாக ஓடினால் திட்டு விழத்தான் செய்யும், நியாயமான திட்டுதான். வார்ம்-அப்புக்கும் ஸ்ட்ரெச்சிங்குக்கும் உள்ளே போங்கள். ஓட்டத்தை வெளித்தெருவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்னிங் கிளப்னா என்ன? சேர்றதுக்கு செலக்‌ஷன் வைப்பாங்களா?

கல்லூரி அணியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. வங்கி, சாஃப்ட்வேர், மருத்துவம் என்று வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஓடிவிட்டுப் போகிறவர்கள் சேர்ந்து ஓடும் கூட்டம், அவ்வளவுதான். பலரும் முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஓடவே தொடங்கியிருப்பார்கள். எவ்வளவு வேகம் என்று யாரும் வாசலில் நின்று கேட்பதில்லை.

இந்த ஊரில் பெரியது, பழையது என்றால் 2006 முதல் இயங்கும் சென்னை ரன்னர்ஸ். நகரம் முழுக்கப் பகுதி வாரியாகக் கிளைகள். நீங்கள் சேர்வது உங்கள் ஏரியாக் கிளையில்தான். ட்ரீம் ரன்னர்ஸ் என்று இன்னொரு குழுவும் உண்டு. இவை தவிர அபார்ட்மென்ட் குழு, ஆபீஸ் குழு என்று பெயர் தெரியாத சின்னச் சின்னக் குழுக்கள் எக்கச்சக்கம். எல்லாவற்றுக்கும் உயிர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கும். முந்தின நாள் இரவு "நாளை 5:15, வழக்கமான இடம்" என்று ஒரு வரி வரும். அந்த வழக்கமான இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பரீட்சை.

சரி, அந்தக் குழுவைக் கண்டுபிடிக்கிறது எப்படி? யாரையும் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே போய் நில்லுங்கள். ஒரே நிற டி-ஷர்ட்டில் ஐந்தாறு பேர் கடந்து போவார்கள். முதுகில் குழுவின் பெயர் எழுதியிருக்கும். அவர்கள் ஓடி முடித்து நிற்கும்போது போய்ப் பேசுங்கள். நடுவில் போய் மறித்தால் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொல்ல முடியாது, பாவம்.

இன்னொரு அடையாளம்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் ஒரு கார் ஓரமாக டிக்கி திறந்து நிற்கும். உள்ளே இருபது லிட்டர் தண்ணீர் கேன், வாழைப்பழம், கடலை மிட்டாய். அதுதான் ஏதோ ஒரு குழுவின் தண்ணீர்ப் பந்தல். அங்கே நிற்கும் தன்னார்வலர் ஓடாமல் சும்மா இருப்பார், பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் உங்கள் ஏரியா சாலையில் யார் தினமும் ஓடுகிறார்கள் என்று பார்த்தும் குழுவைப் பிடிக்கலாம். அது இரண்டாவது வழி. நேரில் போனவர்கள்தான் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

பீஸ் எவ்வளவு?

சும்மா சேர்ந்து ஓடுவதற்குப் பெரும்பாலான குழுக்களில் காசு கிடையாது. டி-ஷர்ட்டுக்கு, தண்ணீருக்கு என்று எப்போதாவது பங்கு கேட்பார்கள். பயிற்சியாளர் வைத்து அட்டவணை போட்டு நடத்துவது தனி, அதற்குக் கட்டணம் உண்டு. வந்த முதல் மூன்று மாதம் அதில் பணம் கட்டாதீர்கள். ஷிப்ட் என்ன, தூங்குவது எப்போது என்பதே அதற்குள் நிலைப்படாது. ஆர்வத்தில் மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு ஆறு நாள் போனவள் நான்.

அஞ்சு மணிக்கெல்லாம் எழும்ப முடியாதுக்கா. சாயங்காலம் ஓடினா ஆகாதா?

ஆகும். ஆனால் எல்லோரும் ஏன் ஐந்து மணி என்று அடம்பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், வியர்த்தால் உலர்ந்துவிடும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு ஏறிவிடும். மே கடைசியில் 5:40 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், ஆறரைக்குள் தார்ச்சாலை சுடத் தொடங்கும். ஜனவரி கடைசியில் சூரியன் வருவதே 6:35க்குத்தான். அப்போது நீங்கள் நிதானமாக எழுந்திரிக்கலாம்.

சாயங்காலம் கடல்காற்று இருக்கும், ஆனால் மெரினாவில் கூட்டத்துக்கு நடுவே பலூன் சுடும் கடையையும் சோளக்கடையையும் சுற்றி வளைந்து ஓட வேண்டும். இரவு எட்டரைக்கு மேல் உள்தெருக்கள் பரவாயில்லை. நைட் ஷிப்ட்காரர்கள் வேலை முடித்து வந்து காலையில் ஓடிவிட்டுத் தூங்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. உங்களுக்கு எப்படி என்று ஒரு மாதம் பார்த்தால் தெரிந்துவிடும்.

வந்த புதிதில் வேகம் குறைந்தால் பயப்படாதீர்கள். இரண்டு வாரத்தில் உடம்பு இந்த ஈரத்துக்குப் பழகத் தொடங்கும். அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்?

தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும், அது ஆபத்தும் கூட. உப்புப் போட்ட மோரைப் போல வேறொன்று கிடையாது. முடிந்ததும் இளநீர்.

நான் 5000 மீட்டரை இருபது நிமிஷத்துல ஓடினவ. அங்கிள், ஆன்ட்டிகளோட ஓடினா என் ஸ்பீட் போயிடாதா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் தலைக்கனம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. முதல் ஞாயிறு இருபது கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் எட்டு கிலோமீட்டரில் எல்லோரையும் முந்தினேன். பதினாறாவது கிலோமீட்டரில், சித்தி வயசுள்ள ஒரு பெண்மணி "நடக்காதம்மா, மெதுவா ஓடு" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார். தூர ஓட்டத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாம் டிராக்கில் வளர்ந்தவர்கள், மெதுவாக ஓடத் தெரியாது.

வேகத்துக்கு வேறு ஆட்களைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் எந்த மைதானத்துக்குப் போனாலும் காவலர் தேர்வுக்கு ஓடுகிற தம்பிகள் இருப்பார்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதற்காக உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். "நானும் கூட ஓடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. செவ்வாய் அவர்களோடு வேகம், ஞாயிறு குழுவோடு தூரம், மற்ற நாள் உங்கள் தெருச் சுற்று. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டும் தேயாது.

டிராக் கிடைக்குமா?

பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்தில் செயற்கை இழை ஓடுதளம் இருக்கிறது. 1993இல் கட்டிய அரங்கம். சென்ட்ரலுக்குப் பக்கம். போட்டி, அரசு நிகழ்ச்சி இருந்தால் மூடிவிடுவார்கள். ஆகவே நேரில் போய் அலுவலகத்தில் நேரமும் அனுமதியும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கல்லூரி மைதானங்களில் காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போவதை நான் சிபாரிசு செய்வதில்லை. இன்றைக்கு விடுவார், நாளைக்கு ஆள் மாறிவிடும்.

போகிறவர்களுக்கு ஒன்று: முதல் லேன் வேகமாக ஓடுகிறவர்களுக்கு. மெதுவாக ஓடும்போது வெளி லேனுக்குப் போங்கள். எட்டாவது லேனில் ஒரு சுற்று 400 இல்லை, ஏறக்குறைய 453 மீட்டர். இது தெரியாமல் "இன்றைக்கு ரொம்ப ஸ்லோ" என்று அழுதவளைப் பார்த்திருக்கிறேன்.

மேடே இல்லாத ஊர்ல மேடு ஏறிப் பழகுறது எங்க?

பாலங்கள்தான் சென்னையின் மலைகள். அடையாறு திரு.வி.க. பாலம், நேப்பியர் பாலம் இரண்டுக்கும் நடைபாதை உண்டு, ஆனால் ஏற்றம் கொஞ்சம்தான். நடைபாதை இல்லாத மேம்பாலங்களில் ஏறவே ஏறாதீர்கள். விடிகாலையில் காலியாக இருக்கும் மேம்பாலத்தில்தான் கார்கள் பறக்கும்.

உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் பரங்கிமலை. படிகளும் இருக்கின்றன, வண்டி போகும் சாலையும் இருக்கிறது. மேலே புனித தோமையார் ஆலயம். ஜனங்கள் வேண்டிக்கொண்டு படியேறுகிற இடம். பூசை நேரத்தில் அங்கே போய் தடதடவென்று ஓடக்கூடாது. நாங்கள் வார நாளில் சாலை வழியாக ஏறி, சத்தமில்லாமல் இறங்கிவிடுவோம்.

மெரினா மணல்ல வெறுங்காலோட ஓடினா காலுக்கு பலம்னு சொல்றாங்களே?

உலர்ந்த மணலில் கால் புதையும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு முழங்கால்தான் எல்லாவற்றையும் தாங்கும். பத்து நிமிடம் போய், அதே வழியில் பத்து நிமிடம் திரும்புங்கள், போதும். கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள் கிடக்கும், ஆகவே வெளிச்சம் வந்த பிறகு.

தெருநாய்க்கு என்ன பண்றது? தினமும் உயிர் போகுது.

நின்றுவிடுங்கள். ஓடும் காலைத்தான் அது துரத்துகிறது. நின்று, நேருக்கு நேர் முறைக்காமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டிய பிறகு ஓடுங்கள். கல்லெடுக்கக் குனிந்தாலே ஓடும் என்பார்கள். ஒரு நாய்க்குச் சரி, நாலு நாய்க்கு நடுவே குனிய நான் தயாரில்லை. முன்னே சொன்ன தெருச் சுற்று இங்கேதான் கை கொடுக்கும். தினமும் ஒரே நேரம் ஒரே வழியில் போனால் மூன்றாவது வாரம் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். என் தெருவில் ஒரு கறுப்பன் இப்போது முக்கு வரை கூடவே ஓடி வருகிறான்.

கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள். இரண்டோடு நிறுத்திவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொன்ன ஒரு தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பொண்ணு தனியா இருட்டுல ஓடலாமாக்கா? வீட்ல கேட்டா என்ன சொல்றது?

"ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு ஆகியிருக்கிறது. இரண்டாவது வருடம், உள்தெருவில் பைக்கில் ஒருவன் நான்கு நாள் தொடர்ந்து பின்னால் வந்தான். ஐந்தாவது நாள் நான் ஓடாமல் வாட்ச்மேன் அண்ணனிடம் போய் நின்றேன். அவரும் பால் வண்டிக்காரரும் சேர்ந்து அவனை நிறுத்தி வண்டி எண்ணைப் படமெடுத்தார்கள், அப்புறம் அவன் வரவில்லை. முகம் பழகுவது உதவும் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இருட்டில் தனியாகப் புது வழியில் போகாதீர்கள். புது வழி என்றால் வெளிச்சத்தில், அல்லது ஆளோடு. காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு. ஸ்ட்ராவாவில் உங்கள் ஓட்டம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைத்து வையுங்கள். இல்லையென்றால் உங்கள் ஹாஸ்டல் வாசலை ஊருக்கே காட்டுகிறீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியைப் போனில் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181. அம்மாவிடம் குழுவில் இருக்கும் ஒரு அக்காவைப் போனில் பேச வையுங்கள், பாதி பயம் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சம்மதம் வாங்கினேன்.

மழைக்காலத்துல?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த அட்டவணையும் நிலைக்காது. தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடாதீர்கள், மூடி திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் சாலை எது, ஏரி எது என்று தெரியவில்லை. அபார்ட்மென்ட் மாடிப்படி இருக்கவே இருக்கிறது.

எல்லாரும் மராத்தான் மராத்தான்ங்கிறாங்க. நானும் பேர் கொடுக்கவா?

முதல் வருடம் பத்து கிலோமீட்டர் ஓடுங்கள், மிஞ்சிப் போனால் அரை மராத்தான். சென்னை ரன்னர்ஸ் நடத்தும் சென்னை மராத்தான் ஜனவரியில் வரும். 42.195, 32.186, 21.097, 10 கிலோமீட்டர் என்று தூரங்கள். அந்த 32 எதற்கென்று எல்லோரும் கேட்பார்கள், இருபது மைல் கணக்கு அது. ட்ரீம் ரன்னர்ஸின் அரை மராத்தான் ஜூலை வாக்கில். அந்த மாதம் ஈரம் எப்படி இருக்கும் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

சென்னை ஜனவரிக்குப் பேர் கொடுத்தால் நீள ஓட்டமெல்லாம் மழைக்காலத்தில் வரும், அதையும் யோசியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடி வரை போகும் குழுக்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே தனியாக ஓடக்கூடாது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. சனிக்கிழமை ராத்திரி இன்னும் முடிந்திராதவர்கள் சிலர் ஞாயிறு காலை ஐந்து மணிக்கும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆறே மாசத்துல பெங்களூருக்கு மாத்திட்டாங்க. மறுபடி முதல்ல இருந்தா?

முதலிலிருந்துதான், ஆனால் சுலபம். கப்பன் பூங்கா, லால்பாக், கண்டீரவா அரங்கம் என்று நகர நடுவிலேயே இடங்கள். ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்ச்சி, ஏற்ற இறக்கமும் உண்டு. கோயம்புத்தூர் என்றால் கேட்கவே வேண்டாம், ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதை இருக்கிறது.

குழுவுல சேர்ந்துட்டேன், ஆனா ஒட்டவே முடியல. எல்லாரும் வாட்ச், ஷூ, ஸ்கூல் பீஸ் பத்தியே பேசுறாங்க. நான் மட்டும் பொடிசு.

இதைத்தான் கடைசியில் எல்லோரும் கேட்கிறார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. கல்லூரி அணியில் நாம் சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து திட்டு வாங்கினோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்ப்பவர்களிடம் அது உடனே வராது. ஆறு ஞாயிறு தொடர்ந்து போங்கள். ஓடி முடித்ததும் கிளம்பிவிடாமல், காபி குடிக்கப் போகும்போது கூடப் போங்கள். ஓடும்போது மூச்சு வாங்கும், அறிமுகமெல்லாம் காபிக் கடையில்தான். ஆறுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் குழுவை மாற்றுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எனக்கு மூன்றாவது குழுதான் அமைந்தது. அதில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார். எங்கள் எல்லோரையும் விட மெதுவாக ஓடுவார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நான் வராத நாளில் சரியாக 5:40க்குப் போன் அடிப்பார். "பாப்பா, உடம்பு சரியில்லையா, இல்ல தூக்கமா?" தூக்கம் என்றால் வைத்துவிடுவார். உடம்பு சரியில்லை என்றால் பத்து மணிக்கு அவர் வீட்டு ரசம் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடும்.